தேரன்று ஆள் வரவில்லை

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் ஸ்பின்னிங் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆனேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பதவி கொடுத்த கையோடு மில் என்னை மதுரைக்கு இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பியது. ஆட்களை நடத்துவது எப்படி என்று டை கட்டிய ஒருவர் சொல்லிக்கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே விதி, எதுவானாலும் எழுத்தில், முடிவு உடனடியாக, சொன்னதை மாற்றக்கூடாது. அவ்வளவையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த வயதில் அடிக்கோடு போட்டதெல்லாம் எனக்கு வேதம்.

எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் எதையும் எழுதாத மனிதர். ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம் பக்கத்து ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக ராஜபாளையத்து ஆட்கள் தங்கள் ஷிப்டோடு இன்னொரு ஷிப்டும் சேர்த்து நிற்பார்கள். ராஜபாளையத்தில் கோயில் பொங்கல் என்றால் இவர்கள் அவர்களுக்காக நிற்பார்கள். யாருக்கு யார் என்பதெல்லாம் டீ குடிக்கும்போதே முடிவாகிவிடும். வராதவர் பெயருக்கு நேரே வந்ததாக டிக் விழும். சட்டப்படி சுத்தத் தப்பு. ஆனால் ஒரு மெஷின்கூட நின்றதில்லை.

நான் வந்ததும் நோட்டீஸ் ஒட்டினேன்: வாய்வார்த்தையாக ஆள் மாறக்கூடாது, லீவு வேண்டுமானால் எழுதிக் கொடுக்க வேண்டும். தேருக்கென்று என் ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்த லீவுகளையும் மறுத்தேன். சொந்த ஊருக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நல்ல பேர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

என் பிரிவில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர், கிட்டத்தட்ட என் வயது, ஆறு வருஷமாகப் பதிலித் தொழிலாளி. தினமும் வேலை செய்வார். ஆனால் எந்த நாளும் கேட்டில் நிறுத்தி வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடலாம். பதிலிக்கு லீவும் கிடையாது. அந்த ஆடியில் நிரந்தரப் பட்டியல் போட இருந்தார்கள். அதில் பெயர் வந்துவிட்டால் அவரை யாரும் கேட்டில் நிறுத்த முடியாது. வேலையில் சுத்தமானவர், நானே அவர் பெயரை எழுதி அனுப்பியிருந்தேன்.

தேருக்கு நாலு நாள் முன்னால் வந்து நின்றார்.

“சார், தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுறது எங்க குடும்பத்து வேலை. அப்பாவுக்கு இப்ப முடியலை. எனக்குப் பதிலா ராஜபாளையத்து அண்ணன் வாராக.”

“நோட்டீஸ் போட்டிருக்கேன்ல. பாக்கலையா?”

“பாத்தேன் சார்.” வேலைக்குத் திரும்பிவிட்டார்.

தேரன்று என் ஊர்க்காரர்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். அவர் மட்டும் வரவில்லை. காலை ஏழு மணிக்கு அவர் பார்க்கும் நூல் நூற்கும் பிரேம்கள் இரண்டுக்கும் முன்னால் ராஜபாளையத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற, மூத்த தொழிலாளி.

“உங்க ஷிப்டு மூணு மணிக்குத்தானே?”

“அவனுக்குப் பதிலா நிக்கேன் சார்.”

“அதெல்லாம் இனிமே கிடையாது. வீட்டுக்குப் போங்க.”

“ரெண்டு பிரேமும் நிக்குமே சார்.”

“நிக்கட்டும்.”

அவர் போய்விட்டார். அந்த ஷிப்ட் முழுக்க இரண்டு பிரேம்களும் நின்றன. எனக்கு அன்று பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். “ரெண்டு பிரேம் ஏன் நின்னுச்சு?”

“ஆள் வரலை சார்.”

வந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன் என்று நான் சொல்லவில்லை. மேனேஜர் நிரந்தரப் பட்டியலை எடுத்து அந்தப் பதிலியின் பெயரைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வழக்கம்போல வணக்கம் வைத்தார்கள். என் விதியை அப்படியே கடைப்பிடித்தார்கள். முன்பெல்லாம் பக்கத்து பிரேமில் இழை அறுந்தால் போகிற போக்கில் ஒட்டிவிட்டுப் போவார்கள். இப்போது கேட்டால், “அது என் பிரேம் இல்ல சார்” என்றார்கள். தப்புக் கண்டுபிடிக்க முடியாத பதில். ஏழெட்டு மாதம் பார்த்துவிட்டு நோட்டீஸைக் கிழித்தேன். பழையபடி மாறிக்கொள்ளுங்கள் என்றேன். சரி சார் என்றார்கள்.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு நானே லீவு போட்டுவிட்டுத் தேர் பார்க்கப் போனேன். சக்கரத்தடியில் கட்டையோடு வேறு ஒருவர் குனிந்திருந்தார். பதிலித் தொழிலாளியின் சித்தப்பா மகனாம். “அவன் மில்லுக்குப் போயிட்டான். இனிமே நீ போடுன்னுட்டான்” என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வடத்தைத் தொடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் பதிலியின் பிரேமுக்குப் போய் ஏன் தேருக்குப் போகவில்லை என்று கேட்டேன். அவர் இழை ஒட்டிக்கொண்டே பேசினார்.

“கேட்டா விட்டிருப்பீக சார். கேக்கத்தான் மனசு வரலை.”

அங்கிருந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். போன வருஷம் பதில் ஆள் வந்ததையும், நான் திருப்பி அனுப்பியதையும், அதை மறைத்ததையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பேர அடிச்சிருக்கவே மாட்டேனே.”

அடுத்த பட்டியல் வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. அதில் அவர் பெயர் இருந்தது. உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுத்து, அன்று நடந்தது என் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ராஜபாளையத்துக்காரர் என் தோளைத் தட்டினார். பதிலியாக இருந்தவர் உத்தரவை இரண்டு தரம் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “ரொம்ப நன்றி சார்” என்றார். பிரேமுக்குத் திரும்பிவிட்டார்.

நிரந்தரமான பிறகு அவருக்கும் மற்றவர்களைப் போல லீவு உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் நான் அந்த மில்லை விட்டு வரும்வரை, ஒவ்வொரு தேருக்கும் என் ஊர்க்காரர்கள் வந்து கேட்பார்கள், நானும் விடுவேன். அவர் ஒரு தேருக்கும் கேட்கவில்லை.