கண்ணுக்குக் கீழே சுழி

சுனாமியில் மூத்த மகன் போன பிறகு தேவநாதன் கடலுக்குப் போகவில்லை. மனைவி செல்லாயி விடவில்லை. வலைகளை விற்று ஒரு குதிரை வாங்கினான். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும் பிள்ளைகளை அதன்மேல் ஏற்றிக் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிவருவது தொழில்.

குதிரை வாங்குகிறவர்கள் முதலில் உடம்பில் மயிர்ச்சுழி பார்ப்பார்கள். அவனும் பார்த்துத்தான் வாங்கினான். நெற்றியிலும் கழுத்திலும் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. சில வருஷம் கழித்து அந்தக் குதிரை கால் இடறி விழுந்தது. மேலே இருந்த சிறுமிக்கு உதடு கிழிந்தது. பார்த்தவர்கள் பிள்ளைகளை ஏற்றத் தயங்கினார்கள். அதை விற்றான். இன்னொரு பிள்ளை விழுந்தால் இந்தத் தொழிலும் இல்லை.

2009இல் வேறு குதிரை பார்க்க செல்லாயியின் தம்பி பூவரசனோடு சிதம்பரம் போனான். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் அந்தோணிசாமியின் கொட்டகை அண்ணாமலை நகரைத் தாண்டி இருந்தது. அவர் முதலில் காட்டியது மூன்று வயது வெள்ளைக் குதிரை. சுழிகளில் குறையே இல்லை. பூவரசன் அப்போதே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

குதிரை மணலில் நின்றது. குளம்பு புதைந்திருந்தால் எந்தக் காலும் நேராகத்தான் தெரியும். ரோட்டில் நடத்தச் சொல்லி, எதிரே குந்திப் பார்த்தான் தேவநாதன். முன்குளம்புகள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. நடக்கும்போது ஒரு கால் உள்ளே வீசி மற்றதை உரசியது. உரசும் இடத்தில் மயிர் போயிருந்தது. வளர வளர நேராகிவிடும் என்றார் அந்தோணிசாமி. மூன்று வயதுக்கு மேல் எது நேராகும் என்று இவன் கேட்டதற்கு, இதுவரை எந்த மாப்பிள்ளையும் குதிரையின் காலைப் பார்த்ததில்லை என்றார்.

பின்னால் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை கட்டியிருந்தது. அதைக் காட்ட அவருக்கு மனமில்லை. வற்புறுத்தி நடத்திப் பார்த்தான். கால்கள் ஒன்றையொன்று தொடாமல் நேர்கோட்டில் விழுந்தன. முதுகு குட்டை. கையால் அழுத்தியபோது நெளியவில்லை. இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் இறங்குகிற இடத்தில், சுழி. அப்படிப்பட்ட குதிரை வந்த வீட்டில் அழுகை விழும் என்பார்கள்.

"மாமா, இது வேணாம். அக்கா உள்ளயே வுடாது."

"நம்ம வூட்டுல அழுதப்ப குதிரையே இல்ல மச்சான்."

குதிரையை ஏற்றிய வண்டியில் வரமாட்டேன் என்று பூவரசன் பஸ் பிடித்தான். வண்டிக்கு முந்தி வந்து சேதியைச் சொல்லியும்விட்டான். செல்லாயி தெருமுனையிலேயே நின்றிருந்தாள். இறக்கியதும் கிட்டப் போய் அந்த இடது கண்ணைப் பார்த்தாள். தொடவில்லை.

"இது வுழாதா?"

"வுழாதுன்னு யாரு சொல்ல முடியும். காலு நேரா இருக்குது."

கொஞ்ச நேரம் குதிரையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல வேணாம். பின்னால கட்டு," என்றாள். "தண்ணி நீயே வச்சிக்க."