குண்டூசி குத்தாத தாள்

வலியசாலையில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவளுக்கு ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவில் என்ன வேலை என்று பலர் கேட்டார்கள். நானும் கேட்டேன். மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதென்றால், அது சரிதானா என்று அந்தக் குழு முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். டாக்டர்கள், வக்கீல் ஆகியோரோடு, மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவரும் அதில் இருந்தே ஆக வேண்டுமாம். குழுவின் செயலாளரான டாக்டரம்மா என்னிடம் பல வருஷமாகத் தைக்கக் கொடுக்கிறவர்; அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்குப் பத்தாம் கிளாஸ்தான் டாக்டர்."

"அது போதும் அக்கா. ஆளுங்ககிட்ட ஒப்பு வாங்கற படிவத்தை வாசிச்சு, புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்கோ. வேற ஒண்ணும் வேண்டாம்."

எனக்கு வராததே அந்த ஒன்றுதான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் என் குரல் தொண்டையைத் தாண்டாது. வீட்டுக்கு வரும் தாள்களில் புரியாத வரிகளிலெல்லாம் குண்டூசி குத்தி வைத்து, கூட்டத்தில் டாக்டரம்மா பக்கம் தள்ளிவிடுவேன். எனக்காக அவர் கேட்பார். "சேச்சியோட பேப்பரைத் தொட்டா நம்ம ரத்தம்தான் வரும்" என்பார் மலையாளியான வக்கீல். மூன்று கூட்டங்கள் இப்படிப் போயின.

நாலாவது கூட்டத்தில், வழக்கம்போல் சாயாவும் பருப்புவடையும் வரும்போதே ஒரு தாளும் சுற்றி வந்தது. இன்று பார்க்கப்போகும் ஆராய்ச்சிகளில் எனக்கோ என் உறவினருக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அதில் அச்சிட்டிருக்கும். எல்லாரும் எண்ணெய் விரலோடு கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன்.

ஆராய்ச்சி தேயிலைத் தோட்டக்காரர்களைப் பற்றியது. பூச்சிமருந்து அடிக்கும் இடங்களில் வேலை செய்பவர்களின் ரத்தத்தை ஒரு வருஷத்தில் மூன்று முறை எடுத்துப் பார்ப்பார்கள். நல்ல காரியம்தான். படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கும்போது, அவர்களுக்கு எல்லாம் சொல்லப்பட்டது என்று வெளியாள் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சாட்சிகளின் பட்டியலை அன்றுதான் மேஜையில் வைத்துக் கொடுத்தார்கள்.

பட்டியலில் வித்துராவுக்கு மேலே மலையில் உள்ள ஒரு எஸ்டேட் இருந்தது. என் அக்கா கொழுந்து கிள்ளும் எஸ்டேட். அதற்கு நேரே, சாட்சி: ஃபீல்ட் சூப்பர்வைசர்.

அந்த ஆளைப் பற்றி அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆஜர் போடுவதும் இலை நிறுப்பதும் அவர்தான். அவர் பேச்சைத் தட்டினால் மறுநாள் வழுக்குச் சரிவில் நிறுத்துவார். அக்காவுக்கு முழங்கால் சரியில்லை. அவர் பக்கத்தில் நிற்கும்போது யார் வேண்டாம் என்று சொல்வார்கள்?

குண்டூசி டப்பா கடையில் இருந்தது. கையில் இருந்திருந்தாலும் பயனில்லை. அந்தத் தாளில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் முடிக்கப்போகிறார் என்று அர்த்தம். "ஆட்சேபம் ஒண்ணும் இல்லல்லோ?"

அவர் இரண்டு மூச்சு நேரம் பார்ப்பார். யாரும் பேசாவிட்டால் பாஸ்.

"சார்," என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அந்தச் சூப்பர்வைசர் சாட்சி நிக்கக் கூடாது சார். அவருதான் அவங்களுக்கு வேலை குடுக்கறது."

"சேச்சி பேசியாச்சு. இன்னிக்கு மழை நிச்சயம்," என்றார் வக்கீல். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதெப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"என் அக்கா அங்க வேலை பாக்கா."

தலைவர் எண்ணெய் படிந்த அந்தத் தாளை எடுத்து என் கையெழுத்தைத் தேடிப் பார்த்தார். "அப்போ சேச்சி இதிலே எழுதியிருக்கணும். இந்த விஷயத்துக்கு வெளியிலே இருக்கணும், கேட்டோ." கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்து வெளியே போனேன்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பேசியதும் வீண், கையெழுத்தும் பொய். என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள், அது போகட்டும். உள்ளே இப்போது பாஸ் ஆகிக்கொண்டிருக்குமே?

டாக்டரம்மா வெளியே வந்தார். "உங்களை மாதிரி மருத்துவம் படிக்காத ஆள் ஒருத்தர் உள்ள இல்லாம முடிவெடுக்கக் கூடாது அக்கா. அடுத்த மாசத்துக்குத் தள்ளியாச்சு. சாட்சியை மாத்தணும்னு நீங்க சொன்னது மினிட்ஸ்ல இருக்கு. மாத்துவாளான்னு இப்போ சொல்ல முடியாது."

கூட்டத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அந்த மாதம் முழுவதும் அக்கா போன் செய்யும்போதெல்லாம் மழையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் மட்டுமே பேசினேன். ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில், சம்பந்தம் இல்லை என்று கையெழுத்துப் போடும் அந்தத் தாளை முழுக்க வாசித்து, அக்காவைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அந்த விஷயத்துக்கு என் இடத்தில் உட்காரப் புதிதாக வந்திருந்த, ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர் உள்ளே இருந்தார். நான் வராந்தாவில் இருந்தேன். என்ன முடிவானது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்காரங்க ரத்தம் எடுக்க வந்தாங்க. எல்லாரும் குடுத்தாளுவ. எனக்கு ஊசின்னாலே ஆவாது, வேண்டாம்னுட்டேன்."

"அப்போ பக்கத்துல யாரு நின்னா?"

"அங்கன்வாடி டீச்சர். சரிம்மான்னு அடுத்தவளைக் கூப்பிட்டுட்டா."

"மறுநாள் உன்னை எங்க நிறுத்தினாங்க?"

"எப்பவும் நிக்கிற மேட்டுலதான். ஏம்ட்டி கேக்க?"

"சும்மாதான்க்கா," என்றேன்.