பின்பக்கம் நின்றவர்கள்

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா இறந்து ஆறு மாதமாகியிருந்தது; கொழும்புக்கு வேலைக்குப் போன அப்பாவிடமிருந்து தகவல் இல்லை. நான் அப்பாவின் அக்காவான அத்தையோடு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தேன். பிள்ளை யாரிடம் வளர்வது என்று நீதிமன்றம் தீர்மானிக்கும், தவணை நாளில் யாரும் வராவிட்டால் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நன்னடத்தை அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். தவணையன்று அத்தை கொழுந்து பறிக்கப் போகாமல், லுணுகலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து என்னை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனார்.

எட்டு மணிக்கே போய்விட்டோம். முன்வாசலில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் நின்றார்கள். அத்தை அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், குழாயடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். துரை பங்களாவானாலும் தோட்டத்து ஆபீசானாலும் எங்களவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், கூப்பிட்டால் போவார்கள். முன்வாசலில் ஏறுவது திமிர்.

அங்கே வேறு தோட்டத்து அக்கா ஒருவரும், இறந்துபோன தன் தங்கையின் இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றார். பிள்ளைகள் மூவரும் அஞ்சாங்கல் ஆடினோம்.

“நம்மள எப்பங்க கூப்பிடுவாங்க?” என்றார் அந்த அக்கா.

“தொரமாருக்கு என்ன அவசரம்? நம்ம என்ன கொழுந்தா, வாடிப்போக?” என்றார் அத்தை.

பன்னிரண்டு மணிக்கு அந்த அக்கா பொறுமையிழந்தார். “ஒரு மணி பஸ்ஸ விட்டா எங்களுக்கு நாலு மணிக்குத்தாங்க. இன்னொரு நாளைக்குக் கூப்பிடுவாங்க” என்று பிள்ளைகளை எழுப்பினார். மூத்தவள் ஐந்து கற்களையும் என் கையில் போட்டுவிட்டுப் போனாள்.

சுமார் அரை மணி நேரம் கழித்து யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் கைகழுவ வந்தார்.

“ஆரம்மா நீங்கள்? இஞ்ச என்ன செய்யிறியள்?”

அத்தை என் பெயரைச் சொன்னார். அவர் குழாயை மூடினார்.

“முன்வாசல்ல மூண்டுதரம் கூப்பிட்டது! இந்தப் பிள்ளைக்கும் ஆரும் வரேல்லை, அந்த ரெண்டு சகோதரியளுக்கும் ஆரும் வரேல்லையெண்டு இல்லத்துக்கு அனுப்பச் சொல்லியாச்சு!”

“ஐயா, காலையிலேருந்து இங்கதாங்க நிக்கிறோம்!”

அத்தை பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. கிளார்க் எங்களை இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனார். புறப்படத் தயாராக எழுந்திருந்த நீதிபதி அத்தையின் வெறுங்காலைப் பார்த்தார். சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளையை வச்சுப் பாப்பியளோ எண்டு கேக்கிறார்.”

“அதுக்குத்தானுங்க வந்தேன்.”

நீதிபதி ஒரு வரியை வெட்டி, இன்னொன்றை எழுதினார். அவ்வளவுதான். வராந்தாவில் அத்தை அப்படியே உட்கார்ந்து, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சிரித்தார். அம்மா இறந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு சட்டென்று எழுந்தார். குழாயடியில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். ஒரு மணி பஸ் போய் ஐந்து நிமிடமாகியிருந்தது. அத்தை அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தப் பிள்ளைங்க இந்நேரம் ஜன்னல் சீட்டுல ஒக்காந்திருப்பாங்க, அத்தை” என்றேன், பொறாமையோடு.

 எங்கள் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அப்புறம் எதற்காக அப்படி ஓடினோம் என்று எனக்கு விளங்கவேயில்லை.