இடது பக்கத்துக் குரல்

வலது கை சிறிய திருப்புளியைச் சுழற்றியது. இடது கையின் பெருவிரல் கேசட்டின் மூலையை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. திருகாணிகள் ஒவ்வொன்றாக ஒரு சோடா மூடிக்குள் விழுந்தன. மேல் ஓடு கழன்றதும் உள்ளே இருந்த அலங்கோலம் தெரிந்தது. ஏதோ ஒரு ரேடியோ அந்த நாடாவை நன்றாக மென்று துப்பியிருந்தது. விரல்கள் அவசரப்படவில்லை. சிக்கெடுத்தன. கசங்கிய இடத்தைத் துணிமேல் வைத்து நீவின. நீவியும் தேறாத துண்டைப் பிளேடால் சாய்வாக நறுக்கி எடுத்தன. இரண்டு முனைகளையும் விளிம்பு பிசகாமல் சேர்த்து, பளபளப்பான பக்கத்தில் ஒட்டி அழுத்தின. ஒரு மயிரிழை தப்பினால் போதும், அடுத்த முறை அதே இடத்தில் அறுந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில், பூக்கடைக்கும் கோப்பிக் கடைக்கும் நடுவே மேசை போட்டிருந்த கன்னையாவுக்கு இந்த வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் வலது காதில் சீழ் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் செவி போய்விட்டது. செம்பனைக் குலை வெட்டும்போது பின்னாலிருந்து கத்தினால் கேட்காத ஆள் எனக்கு வேண்டாம் என்று வேலையை மேற்பார்த்த மண்டோர் அவரை நிறுத்தினார். கோலாலம்பூருக்கு வந்து, குப்பையில் கிடந்த ரேடியோக்களைத் திறந்து பார்த்தே தொழில் பழகினார். 'செவிடன் கடை' என்றுதான் வட்டாரத்தில் சொல்வார்கள். அவர் கேட்காததுபோல் இருப்பார். பாதி நேரம் கேட்கவும் செய்யாது.

ஒற்றைக் காது அவருக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. பழுது பார்த்த கேசட்டைச் சோதிக்கும்போது ஹெட்போனை மாட்டி முதலில் இடது பக்கத்து ஒலியைக் கேட்பார். பிறகு ஹெட்போனைத் திருப்பி மாட்டி, வலது பக்கத்து ஒலியை அதே காதால் கேட்பார். மற்றவர்களுக்கு ஒன்றாகக் கலந்து விழுவது அவருக்கு எப்போதும் இரண்டாகத்தான் வந்தது.

எண்பத்தாறாம் வருஷம் அந்தச் சிக்கிய கேசட்டைக் கொண்டுவந்தவன் சிரில். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன், தோளில் எப்போதும் ஒரு கித்தார். கன்னையா வழக்கம்போல் சினிமாப் பாட்டு என்று நினைத்துத்தான் பட்டனை அழுத்தினார். இடது பக்கத்தில் ஒரு பெண் குரல் வந்தது. சொல்லே இல்லை. அடித்தொண்டையிலிருந்து 'ம்' என்று எழும்பி, அப்படியே நீண்டு, இறங்கவும் மனமில்லாமல் ஏறவும் மனமில்லாமல் நின்றது. கித்தார் எங்கோ அடுத்த வீட்டில் வாசிப்பதுபோல் மங்கலாகக் கேட்டது. நாடா தேய்ந்து சொற்கள் அழிந்துபோய்விட்டன என்று நினைத்தார். ஹெட்போனைத் திருப்பினார். அங்கே இரண்டு ஆண் குரல்கள். ஒன்று நடுவே, மற்றது பெண்ணுடையதைப்போல் உச்சத்தில் மெலிந்து.

*போன வண்டி போகட்டும்,*
*தண்டவாளம் ஆறட்டும்.*

கன்னையா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு முதலிலிருந்து கேட்டார். மூன்றும் சேர்ந்தபோது அவர் கை தானாக மேசையில் நின்றுவிட்டது. மழை விட்டபின் தார் ரோட்டிலிருந்து புகை எழும்புமே, அப்படி இருந்தது. இன்ன சோகம் என்று சொல்ல முடியவில்லை. அவருக்கு அழுகை வரவில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து போகவும் தோன்றவில்லை.

கோப்பிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னா பாஸ், யாரு வீட்ல எழவு?"

"சும்மா இருங்க லா. கேளுங்க."

"கேட்டேன். என் கோப்பியே ஆறிப்போச்சு."

சிரில் வந்தபோது கன்னையா கூலி வாங்கவில்லை. "இது யாரு பாட்டு தம்பி? எந்தக் கடையிலயும் நான் கேட்டதில்லையே."

"எங்க பாட்டுதான் அண்ணே. நானும் என் தம்பி கிரிகரியும். மேலே பாடுறது அவன்தான். கேட்ட எல்லாரும் பொண்ணுன்னு நெனைப்பாங்க."

"கீழே பாடுறது?"

சிரில் சற்றுத் தயங்கினான். "அதையும் கேட்டீங்களா? அதை யாருமே கவனிக்க மாட்டாங்க. கிரிகரியோட ஆபீஸ்ல டைப் அடிக்கிறவங்க. பேரு சிவகாமி. கிள்ளான்ல செட்டியார் வீட்டுப் பொண்ணு. வேலை முடிஞ்சு கொஞ்ச நேரம் எங்க வீட்டுக்கு வந்து பாடிட்டு பஸ் புடிச்சு ஓடிடுவாங்க. அவங்க வீட்ல தெரியாது அண்ணே. நீங்களும் சொல்லிடாதீங்க."

கிறிஸ்துமஸுக்கு முன்பு மாதா கோயில் மண்டபத்தில் அவர்கள் பாடுகிறார்கள் என்று கேட்டு, கன்னையா தன் மனைவி இராஜம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் அண்ணனும் தம்பியும் மட்டும் நின்றார்கள். அதே பாட்டுதான், அதே சொற்கள்தான். ஆனால் அடியில் தாங்க எதுவும் இல்லாமல் இரண்டு குரலும் அந்தரத்தில் தொங்கின. கூட்டம் ஆட்டப் பாட்டுக்குக் காத்திருந்தது.

"டேய் சிரில், யாருடா செத்தா?" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. இரண்டாம் பாட்டின் நடுவிலேயே யாரோ ஒலிபெருக்கியை அணைத்தார்கள்.

"இதுக்குத்தான் என்னைக் கூட்டி வந்தீங்களா?" என்றாள் இராஜம்மா.

"ஒரு ஆள் வரல. வந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் கன்னையா.

அடுத்த மழைக்காலத்தில் சிவகாமி டிங்கிக் காய்ச்சலில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே தாமதம். சிரில் வந்து சொன்னான். கன்னையாவால் அவள் முகத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை, பார்த்ததே இல்லை. அவருக்கு அவள் ஒரு நீண்ட 'ம்' மட்டும்தான். காரியம் முடிந்த வீட்டுக்கு அண்ணனும் தம்பியும் துக்கம் கேட்கப் போயிருக்கிறார்கள். அங்கே கிரிகரி அழுதுகொண்டே பாட்டு விஷயத்தை உளறிவிட்டான்.

ஒரு வாரம் கழித்து சிரில் ஒரு பெரியவரோடு வந்தான். வெள்ளை வேட்டி, கசங்காத சட்டை. கிள்ளானில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரியகருப்பன். சிவகாமியின் தகப்பனார், செட்டியார் வீட்டுப் பேச்சில் அப்பச்சி. கன்னையா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெரியகருப்பன் உட்காரவில்லை.

"எம் பொண்ணு பாடுனது இருக்காமே. கேக்கணும்."

கன்னையா ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, கேசட்டைப் போட்டார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தெருவில் லோரிகள் போய்க்கொண்டிருந்தன. பூக்கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

"மேலே ஒண்ணு போகுதே, கம்பி மாதிரி. அதுதானே?"

சிரில் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்லிவிடலாமா என்று கன்னையாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

"இல்லைங்க அய்யா. அது இந்தத் தம்பியோட தம்பி."

பெரியகருப்பன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இப்போது உட்கார்ந்தார்.

"பெத்தவன் ஆம்பளைக் குரலைக் காட்டுறேன் பாத்தீங்களா." யாரையும் பார்க்காமல் பேசினார். "சின்னதுல ஒருக்கா கடையில பாத்திரம் அடுக்கிக்கிட்டே என்னமோ பாடுச்சு. ஆளு வர்ற எடம், வாயை மூடுன்னேன். மூடிருச்சு. அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்லை. தனியா எடுத்துக் குடுக்க முடியுமா தம்பி? எம் பொண்ணை மட்டும்?"

"முடியும் அய்யா. இவங்க ரெண்டு பேரும் ஒரு மைக்குல பாடியிருக்காங்க. உங்க பொண்ணு வேற மைக்கு. இடது பக்கம் மொத்தமும் அவங்கதான்."

"ஒண்ணும் விடக்கூடாது. இருமியிருந்தா இருமல், மூச்சு விட்டிருந்தா மூச்சு. எல்லாம் வேணும்."

அவர் கிள்ளான் பஸ்ஸுக்குப் போனபின்பும் சிரில் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் ஒரு பேச்சு இருக்கு. அதை மட்டும் எடுத்துடுங்க."

"என்னா பேச்சு?"

"கேளுங்க, தெரியும். நாங்கதான் கிண்டல் பண்ணி வாயைப் புடுங்குனோம். மூணு பேரும் சிரிச்சிருக்கோம் அண்ணே. சத்தம் போட்டுச் சிரிச்சிருக்கோம்."

கன்னையா இடது பக்கத்து ஒலி வரும் வெள்ளை ஒயரை மட்டும் இரண்டாவது மெஷினுக்கு இழுத்து, புதுக் கேசட்டில் பதிய ஆரம்பித்தார். ஆண் குரல்கள் விலகி, ஒரு சுவருக்கு அப்பால் போய்விட்டன. அவள் மட்டும் நின்றாள். இரண்டாவது பாட்டு முடிந்தது. தூரத்தில் சிரில் ஏதோ கேட்கிறான், சிவகாமி பதில் சொல்கிறாள்.

"மேடையா? எங்கப்பச்சி செத்தாத்தான் லா நான் மேடை ஏற முடியும். எங்க வீட்ல வாயைத் தொறக்கிறது சோறு திங்கத்தான்."

சிரிப்பு. அவள் சிரிப்புதான் அருகில் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமி, 'ம்' என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள்.

கன்னையா பின்னால் ஓட்டி, அந்த இடம் வரும்போது பதிவை நிறுத்தி, செருமலுக்கு முன்னால் திரும்பத் தொடங்கினார். சுத்தமாக வந்தது. வேறு யாராக இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அன்று இரவு ஸ்ரீ கெம்பாங்கானில் தன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது இராஜம்மாவிடம் சொன்னார்.

"எடுத்தது சரிதான். அந்தப் புள்ள செத்துப்போச்சு. இருக்கிற மனுஷனை எதுக்குக் கொல்லணும்?" என்றாள் அவள்.

"அவரு எல்லாம் வேணும்னாரு."

"இருமல், மூச்சுன்னுதானே சொன்னாரு? இதையா கேட்டாரு?"

கன்னையா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பாட்டுல சொல்லெல்லாம் அந்தப் பையங்க பாடுறாங்க. அந்தப் பொண்ணு வாயிலேருந்து சொல்லுன்னு வர்றது இந்த ஒரு எடத்துலதான். மத்ததெல்லாம் ம், ம், அவ்வளவுதான். அதை எடுத்துட்டா அவருக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது? ஒரு முனகல். எந்தப் பொண்ணோடதா வேணும்னாலும் இருக்கலாம்."

"அதுக்காக?"

"தெரியல."

"அப்ப அவருகிட்டயே கேளுங்க."

"கேட்டா சொன்ன மாதிரிதானே?"

இராஜம்மா குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். "எங்கப்பன் என்னை ஏசினதெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அவரு குரல் அதுல மட்டும்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுத் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கன்னையா எடுத்து வைத்திருந்த பதிவை அழித்தார். முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை பட்டன் பக்கம் கையே போகக்கூடாது என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு வந்தது, போனது. சிரிப்பு வந்தது, போனது. பதிந்து முடிந்ததும் வழக்கப்படி திருப்பித் திருப்பிச் சோதித்தார். இரைச்சல் இல்லை. எங்கும் இழுக்கவில்லை. ஓட்டில் பெயர் எழுதப் பேனாவை எடுத்து, எழுதாமல் வைத்துவிட்டார்.

பெரியகருப்பன் தனியாக வந்தார். இந்தத் தடவை தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் இருக்கா?"

"இருக்கு அய்யா. சொல்லே இல்லாமத்தான் பாடுறாங்க. ஒரு எடத்துல மட்டும் பேசுறாங்க. அந்த எடத்தை முதல்ல எடுத்துட்டேன். அப்புறம் மனசு கேக்கல. அழிச்சுட்டு, முழுசா மறுபடி புடிச்சேன்."

பெரியவர் அவர் முகத்தையே பார்த்தார்.

"என்னையப் பத்தியா?"

"ஆமாங்க."

"நல்லதா?"

கன்னையாவின் நல்ல காது அந்தப் பக்கம்தான் இருந்தது. கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

"இல்லைங்க அய்யா."

கோப்பிக் கடையில் யாரோ கண்ணாடிக் குவளையைக் கீழே போட்டார்கள். பெரியகருப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

"எம் பொண்ணு எங்கிட்டப் பேசி ரொம்ப நாளாச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு, வலது கையை நீட்டினார்.

கன்னையா கேசட்டை அந்தக் கையில் வைத்தார்.