சாவிக்காகப் பன்னிரண்டு தடவை

இன்று காலை நண்பர் முனியாண்டியைக் காரில் அம்பாங்கான் கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்தவர், வயது எழுபத்தாறு. அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியை மகள் கலா பிடுங்கி வைத்திருக்கிறாள். ஞாபகம் சரியாக இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னால்தான் திருப்பித் தருவாளாம். அவளும் கூடவே வந்தாள்.

"கையை ஊணாம அஞ்சு தடவ எழுந்து உக்காருங்க ஐயா," என்றார் தாதி.

"மிஸ்ஸி, நான் மறதிக்கு வந்திருக்கேன். முட்டிக்கு இல்ல!"

"வயசான காலத்துல தசை கொறஞ்சா ஞாபகமும் கொறைய வாய்ப்பிருக்கு ஐயா. ரெண்டையும் பாக்கணும்லா."

நான் உதாரணம் சொன்னேன். "வேலைக்கு ஆளே வராத தோட்டத்துல கிராணி எந்தக் கணக்க எழுதுவாரு? மூளையும் அப்படித்தான்."

"நீங்க சும்மா இருங்க சார்," என்றார் முனியாண்டி.

எழுந்து உட்கார்ந்தார். நான்காவது தடவையில் தாதியின் போன் அடித்தது, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவதில் யாரோ கதவைத் தட்டினார்கள். மறுபடியும்.

"எத்தனை ஆச்சு?" என்று தாதி கடைசியில் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

"நாலு, மூணு, அஞ்சு. மொத்தம் பன்னெண்டு," என்றார் முனியாண்டி. "தெனமும் காலப் பெரட்டுல வரிசையா நிக்கிற அறுவது ஆள எண்ணுனவன்லா நான்!"

"ஞாபகம் சரியாத்தான் இருக்கு," என்று தாதி சொன்னதும் கலா சாவியைக் கொடுத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என் பழைய மாணவி அவள்.

"சார், நீங்க ஒரு தடவ எழுந்திரிங்க."

நாற்காலியின் கையைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

என் கார் சாவி இப்போது கலாவிடம் இருக்கிறது. நாளை என்னைப் பரிசோதனைக்கு முனியாண்டி மோட்டாரில் ஏற்றிப் போகிறார்.

நீங்களும் கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். முடியாதவர்கள் இங்கே எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன்.