மருதம்பட்டை விழுந்த நோன்புக் கஞ்சி

கம்பஸில் இறுதி ஆண்டு ஆய்வுக்கு நான் மருதம்பட்டையை எடுத்ததற்கு ஒரே காரணம் வாப்பா. போன வருஷம் தறியில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். மாரடைப்பு. அல்ஹம்துலில்லாஹ், தப்பி வந்தார். கூடவே, தினமும் விழுங்க ஐந்து வகைக் குளிசைகளும் வந்தன. அழைக்காமல் வந்த விருந்தாளிகளைப் பார்ப்பதுபோல அவற்றைப் பார்ப்பார்.

மருதம்பட்டையில் பொலிபீனோல்கள் ஏராளம். அவை இதயத் தசையைக் காக்குமா என்று எங்கெங்கோ ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். என் பங்கு மிகச் சின்னது. கத்தரிப்பூ நிறத் திரவத்தில் பட்டைச் சாற்றைச் சில துளிகள் விட்டு, நிறம் எவ்வளவு போகிறது என்று பார்த்து, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் அதன் வலிமையை அளக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை அது கண்முன்னே மஞ்சளானபோது ஆய்வுகூடத்திலேயே துள்ளினேன். சும்மா இருந்தேனா? வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி: "வாப்பா, உங்கட ஹார்ட்டுக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டன்!"

நோன்பு விடுமுறைக்கு எங்கள் ஊர் மருதமுனைக்கு வரும்போது, விடுதியில் பூஞ்சணம் பிடிக்குமென்ற பயத்தில் மீதிப் பட்டைத்தூளை ஒரு ஜேம் போத்தலில் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்தேன்.

எங்கள் தெருவில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சிப் பாத்திரங்கள் வீட்டுக்கு வீடு போகும். நான் வந்த ஐந்தாம் நாள் உம்மாவின் கஞ்சி ஆறு வீட்டுக்குப் போனது. காய்ச்சியவர் உட்பட எல்லோருக்கும் நோன்பு. உம்மா நாக்கு நுனியில்கூட வைத்துப் பார்க்கமாட்டார். கைக்கணக்குதான்.

நோன்பு திறக்க மஃரிப் வாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தைக் கடித்து, கஞ்சியில் ஒரு மிடறு குடித்தேன். கசப்பு! காது வரைக்கும் கசந்தது. அதே நேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் சாச்சி, உம்மாவின் தங்கை, சத்தம் போட்டார்.

"ராத்தா! கஞ்சிக்குள்ள என்னத்தப் போட்டீங்க? பிள்ளைகள் எல்லாம் துப்புதுகள்!"

உம்மா திகைத்துப்போய் நின்றார். வாப்பா மட்டும் நிம்மதியாக இரண்டாவது கோப்பையை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் போத்தலைப் பார்த்தேன். காலி.

"வாப்பா, அதுக்குள்ள கிடந்த தூள் எங்க?"

"கஞ்சிக்குள்ள. உம்மா அஸர் தொழக்குள்ள நான்தான் போட்டுக் கலக்கினன். நான் மட்டும் சுகமாகி என்ன புள்ள, தெருவுக்கும் கிடைக்கட்டும் எண்டுதான்."

என் அரை வருஷ ஆய்வின் மிச்சம் ஆறு வீட்டுக் கோப்பைகளில் போய்விட்டது. சிரிப்புத்தான் வந்தது. 'சுகமாகி' என்ற சொல் பிறகுதான் உறைத்தது.

"அப்ப குளிசை?"

உம்மா குளிசைப் பெட்டியைத் திறந்தார். நாலு நாள் குளிசைகள் அப்படியே கிடந்தன.

"விடிய முந்திச் சஹர் சாப்பாட்டோட ஒவ்வொரு கரண்டி தூள்தான். நல்லாத்தானே இரிக்கன்," என்று வாப்பா போனை நீட்டினார். "இஞ்ச பார், நீதானே அனுப்பின. ஊதா எப்பிடிப் போகுது!"

இது நான் எழுதிய ஒரு வரி செய்த வேலை. ஒட்சியேற்றம், செறிவு என்றெல்லாம் கதைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அவர் நூலுக்குத் தானே சாயம் காய்ச்சுகிறவர். அந்த வழியில் கேட்டேன்.

"வாப்பா, கோப்பைக்குள்ள ஒரு முழ நூலில பிடிச்ச சாயம் தறிக்கு ஏத்துற முழுப் பாவு நூலுக்கும் அப்பிடியே பிடிக்குமா?"

"எங்க பிடிக்கும்! போன பெருநாளைக்கு அந்தப் பச்சைச் சாயத்தோட நான் பட்ட பாடு."

"நான் பார்த்தது கோப்பையைத்தான். அதுவும் கண்ணாடிக் குழாய்க்குள்ள. உங்கட நெஞ்சு முழுப் பாவு. மருந்து எண்டு எழுதினது என்ட பிழை வாப்பா."

வாப்பா கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அப்ப இந்தக் குளிசை?"

"எத்தனையோ பாவுக்குப் போட்டுப் பார்த்த சாயம்."

வாப்பா சிரித்துவிட்டார். "நல்லாத்தான் மடக்குறாய்." அன்றைக்கு உரியதை மட்டும் எடுத்து விழுங்கினார். நானும் உம்மாவும் மூச்சு விட்டோம்.

காலையில் வாப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்த டொக்டர், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஏச்சு வாப்பாவுக்குப் பாதி, எனக்கு முழுசு.

திரும்பி வந்தபோது வாசலில் சாச்சி.

"மச்சான், கசந்தாலும் நெஞ்சுக்கு நல்லமாமே. தூள் மிச்சம் இரிக்கா?"

"இருந்தாலும் தரமாட்டன்," என்றார் வாப்பா, அந்த டொக்டரின் குரலிலேயே. "அந்த ஆய்வு இன்னும் கண்ணாடிக் குழாய்க்குள்ளதான் கிடக்கு. உங்கட பிரஷர் குளிசைய ராவு போட்டீங்களா?"

சாச்சி முக்காட்டைச் சரிசெய்தார். "மறந்து போச்சு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து நோன்பு திறந்து தன் குளிசையை விழுங்கியதும் வாப்பா மதிலுக்கு மேலால் சாச்சிக்குக் குரல் கொடுப்பார்.

"மச்சி, போட்டாச்சா?"

"போட்டன், போட்டன்! மனிசர நிம்மதியா கஞ்சி குடிக்க விடுங்க!"