பச்சை பல்பு அணைந்த இருபது நிமிடம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பச்சை பல்பு உண்டு. திருவொற்றியூர்க் கரையில் மற்ற விளக்கெல்லாம் வெள்ளை, இல்லையென்றால் மஞ்சள். பச்சை எங்களுடையது மட்டும்தான். அதைக் குறி பார்த்துத்தான் நைனா ராத்திரியில் படகை இரண்டு கல்மேட்டுக்கு நடுவே ஓட்டிக் கரையேற்றுவார். அவர் கடலில் இருக்கும்போது அதை அணைக்கக் கூடாது. எனக்கும் தெரியும்.

அம்மாவின் தம்பி கல்யாணங்களில் போட்டோ எடுப்பவர். ஒருநாள் முதலாளியின் கேமராவோடு வந்தார். வானத்தைப் படம் பிடிக்கணுமாம். மாப்பிள்ளையையே நேராகப் பிடிக்கத் தெரியாதவன் வானத்தைப் பிடிக்கிறானா என்று சிரித்துவிட்டு அம்மா படுத்துக்கொண்டாள்.

மாமா மாடியில் கேமராவைக் கடல் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்று எடுத்துப் பார்த்தார். முழுக்கப் பச்சை.

"இந்த லைட்டு பேஜாரு பண்ணுது. கீழ போய் ஆஃப் பண்ணிட்டு வாடீ."

"நைனா திட்டும்."

"உங்க நைனா விடியறப்போதான் வரும். இருவது நிமிசம். ஒண்ணும் ஆவாது."

அணைத்தேன். மேலே வந்தேன். அந்த இருபது நிமிடமும் கேமரா கண்ணைத் திறந்தபடி இருந்தது. ஆடக் கூடாது என்றார். ஆடவில்லை. தூரத்தில், தண்ணீரை ஒட்டி ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம். இடப்பக்கம் போனது. நின்றது. வலப்பக்கம் போனது.

"மாமா, அந்த நச்சத்திரம் நவுருது."

"எல்லா நச்சத்திரமும்தான் நவுருது. அதுக்குத்தான் படமே. பேசாம குந்து."

திரும்பப் போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மேலே வந்தபோது அந்த வெளிச்சத்தைக் காணவில்லை.

கொஞ்ச நேரத்தில் நைனா வந்தார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. முழங்காலில் ரத்தம். என்ஜின் மக்கர் பண்ணியதால் சீக்கிரம் திரும்பினாராம். படகு கல்லில் ஏறி அடி பிளந்துவிட்டது.

"கரண்ட்டு போச்சா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. இப்பதான் வந்துச்சு" என்றார் என் மாமா.

"எப்போடா போச்சு? ஃபேனு ஓடிக்கினுதானே இருந்துச்சு" என்றாள் எழுந்து வந்த அம்மா.

நைனா மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மாவிடம், "சோறு போடு" என்றார்.

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. நிஜமாகவே கரண்ட்தான் போனதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

படகுக்கு ஒட்டுப் போடும் வரை நைனா வீட்டில் இருந்தார். அப்போது மாமா படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்து வந்தார். எண்ணூர்ப் பக்கம் ஆலை வெளிச்சத்தில் வானம் செங்கல் நிறம். நட்சத்திரமெல்லாம் நகக் கீறல் மாதிரி. கீழே கடல்மேல் ஒரு மஞ்சள் கோடு, இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டு கிடந்தது.

"இன்னாபா, கிறுக்கி வெச்சிக்கீது?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"ஏதோ கப்பல்" என்றார் மாமா.

நைனா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஓட்டினார். பிறகு சுத்தியல் கேட்டார். வாசல் மூலையில், பச்சை பல்பின் ஸ்விட்சுக்கு மேலே ஆணி அடித்து, அவரே மாட்டினார்.

படம் நைனாவுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். கூடத்தில் அவ்வளவு சுவர் சும்மா இருக்க, அந்த இருட்டு மூலையில் போய் ஏன் மாட்டினார் என்பதுதான் விளங்கவில்லை.